23 பேர் பட்டியலில் இடம் கிடைக்காத மகனுக்கு அடுத்த 12 வாரம்

வாசகர் கேள்வி: நாங்கள் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். நான் ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரை. மகனுக்கு 16 வயது, நவம்பரில் பிறந்தவன். நடுக்களத்தில் ஆடுவான், வலது கால். 17 வயதுக்குட்பட்ட இந்திய அணி முகாமில் கடைசி 28 பேர் வரை இருந்தான். 23 பேர் பட்டியலில் பெயர் இல்லை. "உடம்பு இன்னும் ஏறணும், அடுத்த தடவை பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, பந்தைத் தொடவில்லை. மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) களிக்க ஒருவர் கூப்பிடுகிறார், ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் பணம். இன்னொருவர் ஐரோப்பாவில் கிளப் ட்ரயல் என்று இரண்டு லட்சம் கட்டச் சொல்கிறார். கேரள கிளப்பில் பதிவு பண்ணினால் வழி திறக்கும் என்கிறார்கள் சிலர். படிக்கட்டும் என்கிறாள் அவன் அம்மா. அடுத்த மாதம் நான் கடலுக்குப் போகவேண்டும். அதற்குள் என்ன முடிவு எடுக்க?

பதில்:

ஐயா, முதலில் அந்த இரண்டு லட்சம். கொடுக்காதீர்கள். ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 19-வது பிரிவு, 18 வயது நிரம்பாத வீரரை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு: பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருக்கவேண்டும்; அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 முதல் 18 வயதுக்குள் மாறவேண்டும்; அல்லது வீடும் கிளப்பும் நாட்டு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும்; அகதிகளுக்கும் பரிமாற்ற மாணவர்களுக்கும் தனி வழி உண்டு. இதில் எதுவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ட்ரயலில் அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கிளப்பால் அவனை இப்போது பதிவு செய்ய முடியாது. அந்த ஆளிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஃபிஃபா ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா, 19-வது பிரிவில் எந்த விலக்கின் கீழ் பதிவு செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. ஒரு வீரன் உண்மையிலேயே வேண்டும் என்று நினைக்கிற கிளப் அவன் அப்பாவிடம் பணம் கேட்பதில்லை.

இனி தம்பியின் விஷயம்.

23 பேர் என்பது திறமை வரிசையில் முதல் 23 பேர் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பட்டியல் அப்படிப் போடப்படுவதில்லை. மூன்று பேர் கோல்கீப்பர்கள். மிச்சம் 20 பேர், களத்தில் பத்து இடம். இடத்துக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே கணக்கு முடிந்துவிட்டது. ஒரு ஸ்டாப்பருக்கு, அதாவது நடுத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு, காயம் பயம் இருந்தால் மூன்றாவதாக ஒருவர் வேண்டும்; அந்த இடத்தை எங்கேயாவது பிடுங்கவேண்டும். பெரும்பாலும் பிடுங்கப்படுவது நடுக்களத்தில்தான், ஏனென்றால் எந்த முகாமிலும் வலது கால் நடுக்கள ஆட்டக்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள், இடது கால் லெஃப்ட் பேக் (இடது ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) தேடினாலும் கிடைக்கமாட்டார். கடைசி நாளில் பயிற்சியாளர் கேட்டுக்கொள்கிற கேள்வி "இவன் இல்லாவிட்டால் எந்த வேலைக்கு ஆள் இருக்காது?" என்பது. உங்கள் மகன் செய்கிற வேலையைச் செய்ய இன்னும் நான்கு பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ரைட் பேக்கிலும் (வலது ஓரத் தற்காப்பு) ஆடத் தெரிந்தவராக இருந்தால், ஒரே பெயரில் இரண்டு இடம் நிரம்பிவிடும். ஆகவே தம்பிக்கு இந்த ஆண்டு இரண்டாவதாக ஓர் இடம் வேண்டும். வலது கால், நல்ல பாஸ், சின்ன உடம்பு என்றால் ரைட் பேக்கில் முயலச் சொல்வேன். அங்கே முதுகுப் பக்கம் கோடு இருப்பதால் எதிராளி ஒரு பக்கமிருந்துதான் வருவான். நடுக்களத்தில் நான்கு பக்கமிருந்தும் இடி விழும். பள்ளி அணியிலோ ஊர் கிளப்பிலோ மாதத்துக்கு இரண்டு ஆட்டம் அந்த இடத்தில் ஆடினால் போதும், பழகிக்கொள்வான்.

"உடம்பு ஏறணும்" என்று சொன்னார்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஆம் தேதியில் வெட்டப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். பத்து மாத வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் அதிகமாகவும் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். இதோடு வளர்ச்சி வேகமும் சேரும். பையன்கள் சராசரியாக 14 வயதில் வேகமாக உயர்வார்கள். சிலருக்கு அது 15, 16-ல்தான் வரும். முகாமில் தோளால் தள்ளியவனுக்கு அந்த வளர்ச்சி முடிந்திருக்கலாம், தம்பிக்கு இனிமேல்தான் வரவேண்டியிருக்கலாம். அப்படியானால் பயிற்சியாளர் பார்த்தது உண்மை, ஆனால் அது நிலையான உண்மை இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி இருக்கிறது. உங்கள் உயரம், அவன் அம்மாவின் உயரம் இரண்டையும் சென்டிமீட்டரில் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். நீங்கள் 170, அவர் 157 என்றால் விடை 170. எட்டு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ போகலாம், மேலோட்டமான கணக்குத்தான். தம்பி இப்போது 162-ல் நின்றால் இன்னும் வளர வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அடுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, பூசைக்குப் போகும் முன், செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சில் கோடு போடுங்கள். காலையிலேயே அளக்கவேண்டும், மாலையில் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும். மாதத்துக்கு 0.6 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் வேக வளர்ச்சி நடக்கிறது. அந்த மாதங்களில் குதித்தல், முழு வேக ஓட்டம் இரண்டையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கவேண்டும். எலும்பு முதலில் நீளும், தசையும் நரம்பும் பின்னால் வரும். முட்டிக்குக் கீழே உள்ள மேட்டிலும் குதிகாலிலும் வலி வருவது இந்தக் காலத்தில்தான். வலியோடு ஆடினால் வீரம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பதும் தவறான பேச்சு. முறையாகச் சொல்லித்தந்து, சிறு எடையில் தொடங்கினால் தீங்கு இல்லை.

பன்னிரண்டு நாள் பந்தைத் தொடாததற்குப் பதற்றப்படவேண்டாம். மாதக்கணக்கில் முகாமில் இருந்த உடம்புக்கு அந்த ஓய்வு தேவைதான். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டினால் மூச்சுத் திறன் கண்கூடாக இறங்கும், அதனால் இந்த வாரமே மெல்லத் தொடங்கவேண்டும். வீட்டில் அவனிடம் "அரசியல் பண்ணிட்டாங்க", "அந்தப் பையனுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சு வேண்டாம். கேட்கும்போது ஆறுதலாக இருக்கும். ஆனால் தப்பு முழுக்க வெளியே இருக்கிறது என்று ஆகிவிட்டால் அவன் கையில் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஊர் ரொம்பக் கேட்கும். குருசடிப் பக்கம் போனாலும் கடைக்குப் போனாலும் "என்ன மக்கா, எடுக்கலியா?" என்பார்கள். ஒரே ஒரு வரிப் பதிலை அவனோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: "இந்தத் தடவை இல்லை, அடுத்ததுக்குத் தயாராகுறேன்." ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கம் சொல்லும்போதுதான் மனசு கிழிகிறது. இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ, பயிற்சியை எல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மரடோனாவையே 1978 உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லை என்று யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். 25 பேரிலிருந்து கடைசியாக மூவரை நீக்கினார் அர்ஜென்டினாப் பயிற்சியாளர் மெனோட்டி. 17 வயது மரடோனா அதில் ஒருவர். மற்ற இருவர் பிராவோவும் பொட்டானிஸும். அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அந்தக் கதையை ஒரு பையனுக்கு மருந்தாகக் கொடுக்கக்கூடாது என்கிறேன்; "நான் மரடோனா இல்லையே" என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வான். 2022 உலகக் கோப்பையில் பிரான்ஸ் வீரர் கோலோ முவானிக்கு நடந்தது அவனுக்கு இதைவிடப் பயன்படும். பிரான்ஸ் அறிவித்த முதல் பட்டியலில் அவர் இல்லை. பயிற்சியில் என்குன்குவுக்குக் காயம் பட்டதும் அழைப்பு வந்தது. அரையிறுதியில் மொராக்கோவுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி ஒரு நிமிடத்துக்குள் கோல் அடித்தார். அதே உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் அல்மாடாவும் ஆங்கல் கொரியாவும் காயம்பட்டவர்களுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்து பதக்கத்தோடு திரும்பினார்கள். இவர்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அழைப்பு வந்த நாளில் ஆடுகிற உடம்போடு இருந்தார்கள். இன்னும் பக்கத்தில் பார்க்கவேண்டுமானால், உங்கள் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்தியச் சட்டை போட்டபோது அவருக்கு வயது 24. தம்பிக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது.

அடுத்த வேலை, முகாம் பயிற்சியாளருக்குத் தம்பியே எழுதவேண்டிய கடிதம். நீங்கள் எழுதக்கூடாது, உள்ளூர் கோச்சும் எழுதக்கூடாது. ஐந்து வரி போதும். முகாமில் இடம் தந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு மூன்று கேள்வி: என் இடத்தில் எடுக்கப்பட்டவர்கள் செய்கிற எந்த வேலையை என்னால் செய்ய முடியவில்லை? என்னுடைய ஓட்டச் சோதனை எண்களையும் ஜி.பி.எஸ். சட்டை (ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் சட்டை) எண்களையும் தர முடியுமா? வேறு எந்த இடத்தில் என்னை ஆடவைத்துப் பார்ப்பீர்கள்? "ஏன் என்னை எடுக்கவில்லை" என்று மட்டும் கேட்கக்கூடாது. அதற்கு யாரும் உண்மையான பதில் எழுதமாட்டார்கள். பதில் வராமலும் போகலாம். வந்தால் அதுதான் இந்த வருடத்தின் பாடத்திட்டம்.

இப்போது களத்துக்கு வருவோம். கடற்கரைப் பையன்களுக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே வரும். மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது, கெண்டைக்கால் இரும்பாகிவிடும். ஆனால் மணலில் பந்து விழுந்த இடத்தில் செத்துப்போகும். அதனால் பாஸை வாங்கும் கால் மெத்தென்று பின்வாங்கப் பழகுவதில்லை. புல் தரையிலோ செயற்கைப் புல்லிலோ அதே கால் பட்டால் பந்து ஒரு கெஜம் முன்னால் ஓடும், அதற்குள் எதிராளி வந்துவிடுவான். "சின்ன உடம்பு" என்று எழுதப்படுவதில் பாதி இந்த ஒரு கெஜம்தான். மணல் வாரத்துக்கு ஒரு நாள் போதும், மிச்ச நாள் கெட்டித் தரை.

இதற்கு ஒரு சுவரும் ஒரு ஆளும் வேண்டும். சமுதாயக்கூடத்துச் சுவர் போதும். சுவரிலிருந்து ஆறு மீட்டரில் தம்பி நிற்கட்டும். அவன் முதுகுக்குப் பின்னால் நான்கு மீட்டர் தள்ளி அம்மாவோ தங்கையோ சிவப்பு, நீலம் என்று இரண்டு துணியோடு நிற்கட்டும். பந்தைச் சுவரில் அடித்து, அது திரும்பி வருவதற்குள் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, உயர்த்திய துணியின் நிறத்தைச் சொல்லவேண்டும். சிவப்பு என்றால் ஆள் ஒட்டி நிற்கிறான், ஒரே தொடுதலில் திருப்பி அடிக்கவேண்டும். நீலம் என்றால் இடம் இருக்கிறது, தூரத்துக் காலால் பந்தை வாங்கி உடம்பைத் திறந்து திரும்பவேண்டும். வலது காலால் 100 தடவை, இடது காலால் 150 தடவை. முதல் வாரம் நிறம் சொன்னால் பந்து நழுவும், பந்தைப் பிடித்தால் நிறம் தப்பும். மூன்றாவது வாரம் இரண்டும் சேரும். இடி வருமுன் பார்த்துவிடுகிறவனை இடிக்க முடியாது. சின்ன உடம்பு ஆட்டக்காரனுக்கு இதைவிட நல்ல கவசம் எனக்குத் தெரியாது.

ஓட்டத்தில் முதல் வாரம் முழு வேகம் கூடாது. ஓய்வுக்குப் பிறகு முதல் நாளே பாய்ந்து ஓடித்தான் தொடைப் பின்தசையைக் கிழித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் மூன்று நாள், 25 நிமிட மெல்லோட்டமும் பந்தும். இரண்டாவது வாரம் 80 சதவீத வேகத்தில் 30 மீட்டர் ஆறு தடவை. மூன்றாவது வாரத்திலிருந்து முழு வேகம். நான்காவது வாரத்திலிருந்து, வாரத்துக்கு ஒரு நாள் நான்கு நிமிடக் கடும் ஓட்டம் நான்கு சுற்று, நடுவே மூன்று நிமிட மெல்லோட்டம். ஆட்கள் கிடைத்தால் ஓட்டத்துக்குப் பதில் நாலுக்கு நாலு ஆட்டம் அதே நேரக்கணக்கில் ஆடலாம், அது இன்னும் நல்லது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஃபிஃபா 11 பிளஸ் என்கிற 20 நிமிட வார்ம் அப். வீடியோ இலவசமாகக் கிடைக்கிறது. தொடைக்கு நார்டிக் பயிற்சி: மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மிக மெதுவாக முன்னால் சாயவேண்டும். முதல் வாரம் ஒரு நாள், ஐந்து தடவை, இரண்டு சுற்று. மெல்ல ஏற்றி நான்காவது வாரத்தில் வாரம் இரண்டு நாள், எட்டு தடவை, மூன்று சுற்று. தொடக்கத்தில் இரண்டு நாள் வலிக்கும், அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் கூடாது. பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அந்த முதல் வலியைப் பார்த்துப் பயந்துதான் விடுகிறார்கள்.

அளவுகோலாக யோ-யோ சோதனையை முதல் முழுவேக வாரத்திலும் 12-வது வாரத்திலும் எடுங்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு, தொடக்கக் கூம்புக்குப் பின்னால் ஐந்து மீட்டரில் இன்னொன்று. சோதனைக்கான ஒலிப்பதிவில் வரும் ஒலிக்கேற்பப் போய்த் திரும்பினால் 40 மீட்டர், பிறகு 10 விநாடி மெதுநடை, மறுபடி ஓட்டம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். இரண்டு முறை ஒலியைத் தவறவிட்டால் முடிந்தது. 50 சுற்று முடித்தால் 2,000 மீட்டர். இந்த வயதில் நடுக்கள ஆட்டக்காரனுக்கு அதற்குக் கீழே நின்றால் வேலை பாக்கி இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். கெட்டித் தரையில், ஒரே பூட்ஸோடு, ஒரே நேரத்தில் எடுத்தால்தான் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியும்.

சாப்பாட்டுக்குப் பவுடர் டப்பா வேண்டாம். எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் 55 கிலோ பையனுக்கு நாளுக்குச் சுமார் 90 கிராம். உங்கள் வீட்டில் இது கஷ்டமே இல்லை: சாளையோ நெத்திலியோ 200 கிராம் சதை இருந்தால் 40 வந்துவிடும், இரண்டு முட்டை 12, இரண்டு தம்ளர் பால் 13, மிச்சம் பயறிலும் சோற்றிலும் சேரும். மரச்சீனிக்கிழங்கும் சோறும் ஓட்டத்துக்கான எரிபொருள், குறைக்கக்கூடாது. கடையில் விற்கும் பவுடரில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து பரிசோதனையில் பிடிபட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்ற சமாதானம் அவனைக் காப்பாற்றாது.

செவன்ஸ் பணம் பொய்யில்லை, கடலில் வருமானம் இல்லாத மாதத்தில் அதன் அருமை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு சீசன் வேண்டாம் என்றே சொல்வேன். சின்னக் களம், அறுத்த வயலின் கட்டித் தரை, முழு வளர்ச்சி அடைந்த பெரியவர்களின் இடி, அடுத்தடுத்த ராத்திரி ஆட்டம், பயணம். வளரும் முட்டிக்கு இது ஆகாது. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவுக்கு வெளியே நடக்கும் ஆட்டங்கள் என்பதால் காயம் பட்டால் கேட்க ஆளும் இல்லை. ஏழு பேர் ஆட்டத்தில் அவன் எத்தனை கோல் போட்டாலும் தேர்வாளர் குறிப்பேட்டில் ஏறாது.

கேரளப் பதிவு வேறு விஷயம், அது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். ஒரு வீரனுக்கு ஒரு நேரத்தில் ஒரே கிளப் பதிவுதான். கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் அவன் அடையாள எண் இருக்கும், மாற்றம் அதன் வழியாகவே நடக்கவேண்டும். கையெழுத்துப் போடும் முன் கிளப்பின் பெயரைப் பார்க்காமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: பதினொரு பேர் ஆட்டம், வருடத்தில் எத்தனை, அதில் இவனுக்கு எத்தனை நிமிடம்? 25 ஆட்டத்துக்குக் குறைவாக, பெஞ்சில் உட்காரவைக்கும் பெரிய கிளப்பைவிட, முழு ஆட்டம் தருகிற சின்ன கிளப் இந்த வயதுக்கு மேல். இப்போதைய ஊர் கிளப்பின் பதிவுத் தேதிகள் விடுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாளை அவன் தொழில்முறை வீரனாகும்போது 12 வயது முதல் பயிற்றுவித்த கிளப்புகளுக்குச் சேரவேண்டிய இழப்பீடு அந்தத் தேதிகளை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

படிப்பு விஷயத்தில் அவன் அம்மா பக்கம்தான் நானும். பிளஸ் டூ முடிக்கட்டும். ஒன்று கவனிக்கவேண்டும்: முகாமில் இருந்ததற்கான கடிதம் மட்டும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெரும்பாலும் எண்ணப்படாது. பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை, பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி, மாநில ஜூனியர் அணி ஆகியவற்றின் சான்றிதழ்கள்தான் கல்லூரிக்கும் வேலைக்கும் கைகொடுக்கும். தேசிய முகாம் வரை போனவன் என்று மாவட்டத் தேர்வைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

கடலுக்குப் போகும் முன் நீங்கள் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. அவன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 15 வயதுக்கு முன் எடுத்த சிறுவர் பாஸ்போர்ட் என்றால் ஐந்து வருடமோ 18 வயதோ, எது முதலோ அதுவரைதான் செல்லும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும். புதுப்பிக்கவேண்டியிருந்தால் வழக்கமாகப் பெற்றோர் இருவர் சம்மதமும் கேட்பார்கள். நீங்கள் ஆழ்கடலில் இருக்கும்போது யாருக்காவது காயம் பட்டு முகாமிலிருந்து அழைப்பு வந்தால், உங்கள் ஒரு கையெழுத்துக்காக அது நின்றுபோகலாம். புதுப்பிப்பு விண்ணப்பம், பயணச் சம்மதக் கடிதம், பள்ளி அனுமதிக் கடிதம் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படகு ஏறுங்கள்.